வெள்ளை கட்டிய சனிக்கிழமை

தங்கையின் கூனிச் சம்பலை இணையத்தில் விற்பது என்று எங்கள் வீட்டில் முடிவானது மூவிராசாக்கள் திருநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முடிவு என்று சொல்வதுகூடப் பிழை. தங்கையின் மகள், எனக்கு மருமகள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இனி நான் கேக்கப் போறதில்ல, செய்யப் போறன்" என்றாள். தங்கை மறுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நாளும் கிழமையும் எனக்கு முக்கியம். நான் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஊரில் யாராவது காலமானால் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் வேலையும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பிறந்த திகதி, ஞானஸ்நானம் பெற்ற திகதி, திருமணம், இறப்பு. வீட்டுக்காரர் ஒன்று சொல்வார்கள், கோயில் பதிவு இன்னொன்று சொல்லும். நான் கோயில் பதிவைத்தான் எழுதுவேன். சிலருக்கு அதில் கோபம் உண்டு.

எங்கள் ஊர் கல்முனை வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தங்கையின் கணவர் காலமான பிறகு அவளுக்குத் துணையாக நான் அந்த வீட்டுக்கு வந்தேன். அடுத்த வீட்டுக்காரர் வாவியில் தொழில் செய்பவர். அவர் பிடித்துவரும் கூனி இறாலை அவருடைய மனைவி காயவைத்துத் தருவாள். தங்கை அதை மணல் போகப் பலமுறை அரித்து, வறுத்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் நெடுநேரம் கிண்டிப் போத்தலில் அடைப்பாள். விற்பனை எல்லாம் வீட்டு வாசல் படலையடியில்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது வாங்கிப் போவார்கள். பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்யும் பெடியன்கள் வாங்குவார்கள். வாங்கியவர் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அடுத்த முறைக்கு எடுத்துச் சொல்லிற்று வாறம், உங்கட நம்பர் என்ன?"

தங்கை நம்பர் கொடுக்க மாட்டாள். "வீட்டிலதான் இரிப்பன், வாங்க" என்பாள்.

அவளுடைய நம்பர் ஊரில் மிகச் சிலருக்கே தெரியும். அது அவளுடைய மகனுக்காக வைத்திருக்கும் நம்பர்.

அவன் மருமகளுக்கு மூத்தவன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையலறையில் வேலை செய்தான். ஆட்கள் வருவது குறைந்து ஹோட்டல் பாதிச் சம்பளம் கொடுத்த காலத்தில், வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டான். அது வைகாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை. அடுத்த நாள் பின்னேரம் தாய்க்குப் போன் எடுத்தான். "அம்மா, நான் கடலால போறன். போய்ச் சேர்ந்ததும் எடுப்பன். இந்த நம்பர மட்டும் மாத்திராதீங்க." அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. அவன் ஏறிய படகில் ஆள் போன வேறு எந்த வீட்டுக்கும் எதுவும் வரவில்லை. இதற்கிடையில் நான்கு கிறிஸ்மஸ் வந்து போய்விட்டன.

தங்கை போனைச் சமையலறை ஜன்னல் கட்டில் வைத்திருப்பாள். எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாக எடுப்பது அந்த இடத்தில்தான். கிணற்றடிக்குப் போனால் என்னைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் இருத்திவிட்டுப் போவாள். பூசைக்குப் போனால் சத்தத்தை நிறுத்திக் கைக்குள் வைத்திருப்பாள். அது அதிர்ந்தால் எழுந்து வெளியே போவாள் என்று பூசை வைக்கும் சுவாமிக்கும் தெரியும். யாராவது எடுத்துச் சும்மா கதைக்கத் தொடங்கினால், "மறுகா கதைப்பம்" என்று வைத்துவிடுவாள். லைன் சும்மா இருக்க வேண்டும்.

எனவே, இணையத்தில் கடை வைப்பதற்கு எங்களுக்கு இருந்த முதல் தடை ஒரு நம்பர்.

"உங்கட நம்பரப் போடுவம் அம்மா" என்றாள் மருமகள். "நான் பகலில வேலையில நிப்பன். ஓடர் எடுக்கிற ஆக்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"கஸ்டமர் ஒராள் கதைச்சிக்கொண்டிருக்கக்குள்ள அவன் எடுத்தா?"

"கோல் வெயிட்டிங் எண்டு ஒண்டு இரிக்கும்மா. மற்ற ஆள் எடுக்கிறது தெரியும்."

"எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்? எங்கயோ ஒரு இடத்தில ஆர்ட போனையோ வாங்கி எடுக்கிறான் எண்டு வை. பிஸி எண்டு சொன்னா வச்சிற்றுப் போயிருவான்."

"அப்ப புது சிம் ஒண்டு வாங்குவம்."

"இன்னொரு போனத் தூக்கிக்கொண்டு நான் திரியணுமா? ஒண்டப் பார்க்கவே நேரம் இல்ல."

இந்தப் பேச்சு தை மாதம் முழுவதும் இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் நம்பரைப் பிறகு பார்ப்போம், மற்ற வேலைகளை முடிப்போம் என்று மருமகள் விட்டுவிட்டாள்.

மற்ற வேலைகள் நிறைய இருந்தன. போத்தல் மூடி எண்ணெயைக் கசியவிட்டது. கொழும்பில் இருக்கும் என் பழைய நண்பர் ஒருவருக்குச் சோதனையாக ஒரு பார்சல் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்தபோது பெட்டியும் அதற்குள் நான் வைத்த கடிதமும் சிவப்பாகிவிட்டன என்று அவர் எழுதினார், சம்பல் நன்றாக இருந்தது என்றும் எழுதினார். அதன் பிறகு வேறு மூடி தேடினோம். சுகாதாரப் பரிசோதகர் வந்து அடுப்படியைப் பார்த்தார். நிலத்துக்குச் சீமெந்து பூசச் சொன்னார். பூசினோம். லேபலுக்கு வாசகம் எழுதும் வேலை எனக்கு. வாவிக்கூனி பற்றியும், ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கரையில் என்ன விற்றார்கள் என்பது பற்றியும் நான் படித்தவற்றை எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

மருமகள் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "மாமா, இத ஒட்டுறதுக்குப் போத்தல் காணாது. பீப்பாதான் வாங்கணும்."

"வேணுமெண்டா கொஞ்சம் குறைக்கிறன்."

"ஒல்லாந்தர இறக்கி விடுங்க. மற்ற ஆக்களும் இறங்கட்டும். 'கூனிச் சம்பல். உறைப்பு.' அது போதும்."

தங்கை அடுப்பிலிருந்து திரும்பாமலே, "உறைப்பு எண்டு போடாத. வாங்கின ஆக்கள் உறைக்கல்ல எண்டு சொல்லுவாங்க" என்றாள். அந்த நாட்களில் அவள் சிரித்த ஒரு சில தடவைகளில் அது ஒன்று.

ஏன் அவள் இதற்கு ஒத்துக்கொண்டாள் என்று நான் யோசித்ததுண்டு. மகளின் சம்பளத்தில் இருக்கும் வீடு என்ற நிலை அவளுக்குப் பிடிக்கவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசி வருபவர்களிடம் அண்ணன் என்ன செய்கிறான் என்ற கேள்விக்கு அவளிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "வெளிநாட்டில இரிக்கான்." கேட்பவர்கள் மேலே கேட்காமல் குனிந்து தேநீரைப் பார்ப்பார்கள். அவள் அதைக் கவனிக்காதவள் போல் இருப்பாள்.

கடைசியாகப் படம் எடுக்கும் வேலை வந்தது. மருமகள் தன் போனில் எடுத்த முதல் படங்கள் சரிவரவில்லை. எங்கள் விறாந்தைச் சுவருக்குப் பச்சை நிறம். அதன் முன் சம்பல் கறுப்பாகத் தெரிந்தது. அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அவள் ஏதோ காணொளிகளைப் பார்த்திருந்தாள். பின்னால் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், மேலேயும் ஒன்று கட்டினால் வெளிச்சம் சமமாக விழும், நடுவில் மேசையைப் போட்டு அதன்மேலும் வெள்ளை விரிக்க வேண்டும். வெளிச்சம் அதிகம் வருவது கூடத்துக்கு. எனவே கூடத்தில் இருக்கும் கதிரைகளை வெளியே எடுத்து முற்றத்தில் வைக்க வேண்டும்.

விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை. அவளுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் வந்ததும் நானும் அவளும் கதிரைகளை வெளியே எடுத்தோம். புதிதாகத் தோய்த்த மூன்று வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஒன்றைச் சுவரில் கட்டினோம். மேசையை நடுக்கூடத்தில் நீளவாட்டில் போட்டு ஒன்றை விரித்தோம். மேலே கட்டக் கயிறு போதவில்லை. அச்சடித்த லேபல்களையும் எடுத்து வருகிறேன், வரும்போது கயிறும் வாங்குகிறேன் என்று அவள் ஸ்கூட்டரில் சந்திக்குப் போனாள். நான் வீட்டிலிருந்த பழைய கயிறுகளை முடிந்து ஸ்டூலில் ஏறி, மூன்றாவது விரிப்பைக் கூரை வளையில் கட்டிக்கொண்டிருந்தேன். தங்கை பின்னால் அடுப்படியில் கூனி வறுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குத்தான் இப்படி வெள்ளை கட்டுவார்கள். சாமான்களை வெளியே எடுத்து, கூடத்தில் மேலேயும் சுவரிலும் வெள்ளை கட்டி, நடுவில் பெட்டியை வைப்பார்கள். கலியாண வீட்டுக்கும் வெள்ளை கட்டுவது உண்டு, ஆனால் கலியாணம் ஊருக்கு முன்பே தெரிந்திருக்கும். சொல்லாமல் கட்டும் வெள்ளைக்கு ஒரே ஒரு பொருள்தான். எத்தனையோ செத்த வீடுகளில் அந்த வெள்ளைக்குக் கீழே இருந்து திகதி கேட்டுக் குறிப்பெடுத்தவன் நான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது போத்தலுக்குக் கட்டும் துணியாக மட்டுமே தெரிந்தது.

படலைக்கு வெளியே போன அடுத்த வீட்டுக்காரி உள்ளே பார்த்திருக்கிறாள். முற்றத்தில் கதிரைகள். கூடத்தில் வெள்ளை. ஸ்டூலில் நான். யாருக்கு என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் செய்தி வரவேண்டிய ஆள் ஒருவன்தான் இருந்தான்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கூடத்து நடுவில் நின்று அவன் பெயரைச் சொல்லி அழுதாள். அவன் சின்ன வயதில் அவளுடைய வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததைச் சொன்னாள். முதல் நற்கருணைக்குப் போட்ட வெள்ளைக் காற்சட்டையைச் சொன்னாள். கடல் மீன் தின்றதோ என்று கேட்டாள். எங்கு எடுத்து எங்கு நிறுத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் வாயில் ஒரு கயிறு இருந்தது, இரண்டு கையிலும் துணி இருந்தது. நான் ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் அவளுடைய புருஷன் மோட்டார்சைக்கிளில் படலையடிக்கு வந்தார், பார்த்தார், எதுவும் கேட்காமல் திருப்பிக்கொண்டு கோயில் பக்கம் போனார்.

எங்கள் ஊரில் இது வழமை. சாவு விழுந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒருவர் கோயிலுக்குப் போவார், ஒருவர் கதிரை பிடிப்பார், ஒருவர் தண்ணீர் கொதிக்க வைப்பார். வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை.

தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் அகப்பை இருந்தது. கூடத்து வாசலில் நின்று முதலில் அழுகிறவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு மேலே கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

"ஆர் சொன்ன?" என்று கேட்டாள்.

நான் வாயிலிருந்த கயிற்றை எடுத்தேன்.

"எனக்குச் சொல்லாம வெள்ளை கட்டினீங்களா அண்ணன்?"

"படம் எடுக்க" என்றேன். "போத்தலப் படம் எடுக்கக் கட்டின துணி தங்கச்சி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. ஒரு செய்தியும் வரல்ல."

அடுத்த வீட்டுக்காரி அழுகையை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் மூச்சு மட்டும் விம்மிக்கொண்டிருந்தது. அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு அடி. இடைவெளி. மறுபடி ஒரு அடி. துக்க மணி.

தங்கை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கோயில் தூரமில்லை, ஆனால் அந்த வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு வாசல்களில் ஆட்கள் வெளியே வந்து நின்று, ஆருக்கு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். என்னைக் கண்டதும் அவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அவருடைய தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னேன்.

"அரைவாசியில நிப்பாட்டுறதா?" என்றார். "அப்படி ஒரு வழமை இல்லையே ஐயா."

"ஆள் சாகல்ல."

"சாகல்லையா. அப்ப நான் ஆருக்கு அடிச்ச?"

அடுத்த வீட்டுக்காரர் தூண் பக்கத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். மணிக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். மணி தன்பாட்டில் இரண்டு முறை ஆடி ஓய்ந்தது. துக்க மணி இடையில் நின்றதை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது வழியில் மருமகள் ஸ்கூட்டரில் எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு நின்றாள். "அம்மாவா?" என்றாள். இல்லை என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். வீதியோரத்தில் குந்திக்கொண்டு அழுதாள். லேபல் கட்டு வீதியில் விழுந்து கிடந்தது. அதைப் பொறுக்கியெடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீடெல்லாம் கருகின மணம். அடுப்பில் விட்டுவந்த கூனி எரிந்துபோயிருந்தது. தங்கை கிணற்றடியில் தாச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் முற்றத்துக் கதிரைகளில் இருந்தார்கள். யாரோ தேநீர் ஊற்றியிருந்தார்கள். அதை எல்லாரும் குடித்தார்கள். வாவியில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பற்றி ஒருவர் தொடங்கினார், மற்றவர் அதைத் தொடரவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

அன்றிரவு சாப்பாட்டின்போது தங்கை முதலில் சொன்னது அதைத்தான். "ஒருத்தரும் சொல்லிற்றுப் போகல்ல."

செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவர்கள் அப்படித்தான் எழுந்து போயிருந்தார்கள். இது செத்த வீடல்ல என்று தெரிந்த பிறகும்.

"பழக்கதோஷத்தில போயிற்றாங்க" என்றேன்.

"அவ அழுதாளே, அது அந்த நேரம் வந்த அழுகையா அண்ணன்? கொய்யா மரம், முதல் நன்மைக் காற்சட்டை. எல்லாம் கட்டி வச்சிருந்த அழுகை. எத்தனை நாளாக் கட்டி வச்சிருந்தாளோ. தினமும் வந்து எனக்கிட்ட கூனியத் தந்திற்று, 'புள்ள எடுத்தானா அக்கா' எண்டு கேட்டிற்றுப் போறவள்."

நல்ல அழுகை என்று நான்கூட ஒரு கணம் நினைத்திருந்தேன்.

"நீங்களும் அவளப் போலத்தான் நினைக்கிறீங்களா?"

"எனக்குத் தெரியா தங்கச்சி" என்றேன். அது உண்மை. யாருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது கடைசித் திகதி இல்லாமல் நான் எழுதியதில்லை. அவனைப் பற்றி என்னிடம் இருப்பது புறப்பட்ட நாள் மட்டும்.

மருமகள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். "மணி அடிச்சதும் நான் செத்துப்போனன் அம்மா" என்றாள். "என்ட போனில சார்ஜ் இல்ல. லேபல் கடைப் பெடியன் தன்ட போனத் தந்தான், வீட்டுக்கு எடுத்துக் கேளுங்க எண்டு. கையில வச்சிக்கொண்டு நிக்கிறன், உங்கட நம்பர் வரல்ல."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் வரல்ல?"

"பாடமில்ல."

"நீ தினமும் மத்தியானம் எனக்கு எடுக்கிற."

"போனில 'அம்மா' எண்டு இரிக்கும். அத அமத்துவன். இந்தக் காலத்தில ஆருக்கம்மா நம்பர் பாடம்?" என்னைக் காட்டினாள். "மாமாக்கு மட்டும் இரிக்கும். அவருக்கு எல்லார்ட பிறந்த நாளும் பாடம்."

இது வேறு நாளாயிருந்தால் தங்கை சிரித்திருப்பாள். அன்றைக்குக் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னலில் இருந்த போனைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாள், அடுப்பை மூட்டவில்லை. அடுத்த வீட்டுக்காரி அந்த வாரம் முழுவதும் எங்கள் பக்கம் வரவில்லை. அவளுடைய புருஷன் கூனிப் பையைப் படலையில் கொழுவிவிட்டுக் கூப்பிடாமல் போவார். வேலிக்கு மேலால் அவள் தலை தெரிந்தால் தங்கை உள்ளே வந்துவிடுவாள். ஊரில் எனக்கும் தொந்தரவு இருந்தது. பூசை முடிந்து வரும் வழியில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எப்படியும் ஒரு நாளைக் குறித்து ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டால் பெற்ற மனம் ஆறும், நீங்கள்தானே நாள் பார்த்து எழுதுகிறவர் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாளைக் குறிப்பது என் வேலையில்லை, நடந்த நாளை எழுதுவதுதான் என் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வந்து, தங்கை தலையில் போட்ட முந்தானையை எடுக்காமலே மகளின் அருகில் போய் இருந்தாள்.

"அவன்ட போன் தண்ணியில விழுந்திருந்தா?"

மருமகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கே என்ட நம்பர் பாடமில்ல. அவனுக்கு எப்படி இரிக்கும்? நான் இஞ்ச போனக் காவலிருக்கன், அவன் அங்க நம்பர் தெரியாம இரிக்கான். அப்படித்தானே இரிக்கணும்."

"அம்மா."

"அந்தப் பேஜில என்ட நம்பரப் போடு. பெரிசாப் போடு. எல்லாப் படத்திலயும் போடு. வெளிநாட்டுச் சனம் பார்க்கும் எண்டுதானே நீ சொன்ன. எங்கட ஊர்ப் பேரையும் போடு. கூனிச் சம்பல் எண்டு கண்டா அவன் நிண்டு பார்ப்பான். அது அவன் திண்டு வளர்ந்த சாமான்."

மருமகள் என்னைப் பார்த்தாள். ஊரே அழுதுமுடித்துவிட்ட ஒருவனுக்குத் தங்கை முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணக்கில் எந்த இடத்திலும் பிழை இருக்கவில்லை, அவன் இருக்கிறான் என்ற முதல் வரியைத் தவிர. அந்த வரியைப் பிழை என்று சொல்ல என்னிடமும் எந்தப் பதிவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை கிணற்றடியில் பன்பாயை விரித்து, அதன்மேல் போத்தல்களை வைத்துப் படம் எடுத்தோம். பாயின் நிறத்தில் சம்பல் படத்தில் நன்றாகவே விழுந்தது. தன்னையும் போத்தலோடு நிற்கவைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள் தங்கை. அவள் தன்னைப் படம் எடுக்க விடுகிறவள் அல்ல. "நரை தெரியுதா?" என்று கேட்டாள். மருமகள் தெரியவில்லை என்றாள். "தெரியட்டும். முகம் தெரிஞ்சா காணும்" என்றாள்.

இணையப் பக்கம் அன்று பின்னேரமே திறக்கப்பட்டது. பழைய பட்டன் போனில் இருந்த சிம்மை எடுத்து மருமகள் வாங்கிய போனில் போடும்போது தங்கை பக்கத்தில் நின்று பார்த்தாள். சிம் இல்லாமல் இருந்த அந்தச் சிறிது நேரம் அவள் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

அழைப்புகள் வரத் தொடங்கின. முதலில் கொழும்பு, திருகோணமலை. பிறகு வெளிநாடு. நம்பருக்கு முன்னால் பிளஸ் அடையாளம் இருந்தால் தங்கை அடுப்பில் எது கிடந்தாலும் விட்டுவிட்டு ஓடுவாள். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்பாள். தங்கை சொல்வாள். விலையைச் சொல்வாள். முகவரியை எழுத்தில் அனுப்பச் சொல்வாள். வைத்துவிடுவாள். தாங்கள் இந்தப் பக்கத்துச் சனம் என்று சிலர் சொந்தம் கொண்டாடத் தொடங்குவார்கள், எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். அவள் வைத்துவிடுவாள். ஒருவர் குருக்கள்மடத்தில் பிறந்தவர், தாய் இறந்த பிறகு இந்தச் சம்பலைத் தேடித் திரிந்ததாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் முன்பே அவள் "சரி" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடம் உண்டு. சம்பலைப் பற்றி நல்லதுதான் எழுதினார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில் ஒருவர் எழுதினார்: சாமான் அருமை, வாசம் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது, ஆனால் விற்கிறவ ஒரு வார்த்தை ஆறுதலாகக் கதைக்க மாட்டா, முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிடுகிறா. அதன் கீழே வேறு இருவர் ஓம், உண்மைதான் என்று எழுதியிருந்தார்கள்.

மருமகள் அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். "ஒள்ளுப்பம் கதையுங்க அம்மா. ரெண்டு வார்த்தை. சனம் அதுக்காகவும்தான் எடுக்குது."

தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வார்த்தை கதைக்கிற நேரத்தில அவன் எடுத்துப் பார்த்திற்று வச்சிருவான்" என்றாள்.

மருமகள் என்னிடம் வந்து, அந்தக் கருத்துக்கு ஒரு பதில் எழுதித் தரும்படி கேட்டாள். பொருத்தமான ஒரு வசனத்துக்காக இரண்டு நாள் யோசித்தேன். எழுத வரவில்லை. அதை அழித்துவிடவும் வழி இருக்கிறது என்றாள். வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அந்த மனுசன் உள்ளதைத்தானே எழுதியிருக்கிறார் என்றாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.